பட்டறை வாசலை மிதிக்காத கார்

என் காரை நானே கையால் கழுவுவதுதான் வழக்கம், ஐயா. வேறு யாரையும் தொடவிட்டதில்லை. "இது பட்டறை வாசலை மிதிக்காத வண்டி" என்று என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். எண்ணெய் மாற்றப் போனதை அந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும்.

புது வண்டி வாங்கலாம் என்று முடிவு செய்திருந்த சமயத்தில், ஒரு மத்தியானம் சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வாடை அடித்தது. மறுநாளும் அடித்தது. எங்கள் தெருமுனையிலேயே ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே போகவில்லை. ஊரின் மறுகோடியில், என்னை யாருக்கும் தெரியாத ஓர் இடத்துக்குப் போனேன்.

அந்த மெக்கானிக் எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பெட்ரோல் போற குழாய்ல விரிசல் சார். ஆறிக் கிடக்கும்போது ஒண்ணும் தெரியாது. நல்லா சூடாச்சுன்னா கசிஞ்சு எஞ்சின் மேலயே சொட்டுது. என்னைக்காவது பத்திக்கும்."

"விக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

"மாத்திட்டு வித்துருங்க. சின்ன வேலைதான், சாயங்காலமே எடுத்துக்கலாம். இப்படியே யார் தலையிலயும் கட்டிராதீங்க."

அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொன்னேன். சொன்னபோது அது பொய்யில்லை. வழியில்தான் யோசனை வந்தது. பழைய எஞ்சினில் புதுக் குழாய் பளிச்சென்று தெரியும். வாங்க வருகிறவர் பானெட்டைத் திறந்தால் இது என்ன என்று கேட்பார். இத்தனை வருடம் வாய் ஓயாமல் சொன்னது என்னாவது? குழாயை மாற்றாமலே விட்டேன். பணத்துக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அப்படி இருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சும்.

அந்த வாரம் என் மகள் அந்தக் காரைத் தனக்குக் கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா இந்தப் பழசு?" என்றேன். "வெளியாளுக்குக் குடுப்பீங்க, பெத்த பொண்ணுக்குக் குடுக்க மனசு வராது" என்று கோபித்துக்கொண்டு போனாள். கருமி என்று அவள் நினைத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். என் பெண்ணுக்குக் கொடுக்க மாட்டேன் என்று முடிவெடுக்கிற அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகுதான் தையல்காரப் பெண் காரைக் கேட்டு வந்தாள். என் கடைக்கு எதிர்ச் சந்தில் மெஷின் போட்டிருப்பவள். ஊசி கோர்க்க முடியவில்லை என்று ஒருமுறை கண் பரிசோதிக்க வந்தபோது, "கண்ணுல ஒண்ணுமில்ல, வெளிச்சம்தான் பத்தல, பல்பை மாத்தும்மா" என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அதை அவள் மறக்கவில்லை.

"வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. உங்க வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"பக்கத்துலதான ஓட்டுவ?" என்று கேட்டேன்.

"அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான். ஊரைத் தாண்டிப் போகணும். பஸ்ல ஏத்த முடியல."

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். உள்ளே வாசனைப் புட்டி ஒன்றை மாட்டி வைத்தேன். அவள் தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். அந்த அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மகள் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு கால்களையும் தூக்கி உள்ளே வைத்தேன். எளிதாக இல்லை. மூச்சு வாங்கியது.

"மூட்டை தூக்கறவன்கூட கூலி கேப்பான் தம்பி. நீங்க சும்மா தூக்குறீங்க" என்று அந்த அம்மா சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவரை இறக்கவும் அதே அளவு நேரம் ஆகும் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். ஒரு வாடையும் இல்லை. சாவியைக் கொடுத்தேன்.

பாலத்துக்கு மேலே போக்குவரத்தில் சிக்கி நின்றபோது தீப்பிடித்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மகளால் வெளியே வர முடிந்தது. அம்மாவை இழுக்க இழுக்கத்தான் அவள் கைகள் வெந்தன. அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. விசாரிக்க என்னைக் கூப்பிட்டீர்கள். வண்டி நல்ல நிலையில் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது என்று கையெழுத்துப் போட்டேன். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான்தாண்ணா காரணம். துணியில எண்ணெய்க் கறை எடுக்கற மருந்து ஒரு புட்டி வண்டியில வச்சிருந்தேன். ரெண்டு நாளா பெட்ரோல் மாதிரி வாடை வந்துச்சு. அந்த மூடிதான் சரியில்லைன்னு விட்டுட்டேன். போலீஸ்லயும் அப்படியே சொல்லிட்டேன்."

கல்லாவின் மேலிருந்த துணியை எடுத்து, துடைத்து வைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. கதவும் சாத்தித்தான் இருந்தது.

"நீங்க புள்ளை மாதிரி பாத்துக்கிட்ட வண்டி" என்றாள். "ஒரு பழுது வந்ததில்ல. என் கைக்கு வந்து இப்படி ஆயிருச்சு. என்னை மன்னிச்சிருங்கண்ணா."

சத்தியமாக அவள் கேட்டது இதைத்தான், ஐயா. என் காரை எரித்துவிட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அஜாக்கிரதை என்று அவள் மேல் வழக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். போடாதீர்கள். நான் முன்பு போட்ட கையெழுத்து பொய். மெக்கானிக்கின் இடத்தை வந்து காட்டுகிறேன். அந்த அம்மாவைக் கொன்றது நான். ஒரு சாயங்கால வேலையைச் செய்யாமல் கொன்றேன். இதைச் சொல்வதுகூட இப்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அன்றைக்கு அவளுக்கு நான் சொன்ன பதிலைச் சொல்வதுதான் கஷ்டம்.

"விடும்மா" என்றேன். "தெரிஞ்சா செஞ்ச? நான் உன்னை மன்னிச்சுட்டேன்."