சம்பந்தி வீட்டு வேலி

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருஷம். காஜா பெராங்கில் நான் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் வேட்டி கட்டிய இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டுக்காக வந்து நின்றார்.

“கோர்ட்டுக்கு ரெண்டு குடு தம்பி. என் மக கல்யாணம் சம்பந்தி வீட்டுல நடக்குது. அந்த வேலிக்குள்ள நான் கால் வச்சா ஜெயிலு” என்றார் மீசைக்காரர்.

“ஏண்ணே?”

“போன வருஷம் ரம்புத்தான் மரத்தால சண்டை. குடையால சம்பந்தியை அடிச்சிட்டேன். ரெண்டு வருஷம் ஒழுங்கா இரு, அந்த வீட்டுக்குள்ள போகாதேன்னு சொல்லி ஜட்ஜு வெளிய விட்டுட்டாரு. இப்ப அதை மாத்தச் சொல்லி மனு போடப்போறேன்.”

“அடி வாங்குனவரு ஒத்துக்குவாரா?”

“இவருதான். நீயே கேளு.”

பக்கத்தில் இருந்தவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“ஒத்துக்கிட்டுத்தானே கூட வர்றேன். பொண்ணைப் பெத்தவரு இல்லாம தாலி கட்ட முடியுமா?”

மீசைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனிமே தெனமும் வருவேன் சம்பந்தி. மகளைப் பாக்காம என்னால இருக்க முடியாது.”

சம்பந்தி மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஜட்ஜுகிட்ட, கல்யாணத்தன்னைக்கு மட்டும்னு கேப்போம்” என்றார்.