தாஹாவின் இடது சுண்டுவிரல்

கீழக்கரையில் கல்யாண மேடைக்குப் போடுகிற வெளிச்சத்தில் பாதியை அணைத்துவிட்டாலும் மணப்பெண் நன்றாகத் தெரிவாள். இதைக் காஜா நவாஸ் மாமாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். மாமா துபாயில் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் பல வருடம் விளக்கு ஏற்றி இறக்கியவர். ஊருக்குத் திரும்புகிறவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டு வருவார்கள். அவர் மேடை விளக்குகளை இயக்குகிற ஒரு பழைய லைட்டிங் டெஸ்க் கொண்டு வந்தார். கஸ்டம்ஸில் அதை என்னவென்று சொன்னார் என்பது வேறு வழக்கு. அதை நீங்கள் எழுத வேண்டாம், வீரலட்சுமி மேடம்.

நான் வந்தது தாஹாவுக்காக. கீபோர்டு வாசிக்கிற தாஹாவை நேற்றிலிருந்து இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் ஒன்றும் தெரியாதவன். அவனுடைய வாசிப்பைக் கேட்டவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள்.

என் பெயர் நஃபீசா. பி.எஸ்சி. இயற்பியல். நான்கு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டெஸ்க்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் நம்மை யாரும் பார்ப்பதில்லை, நாம் எல்லாரையும் பார்க்கலாம். கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பெண்கள் மட்டும் கூடுகிற விழாவுக்கு ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அந்த விழாக்களுக்கு மாமாவின் விளக்குக் கம்பெனியிலிருந்து உள்ளே போகக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

மணப்பெண் ஜுமானா என் சிநேகிதி. கல்லூரியில் முதல் வருடம், ஒளியியல் ஆய்வகத்து இருட்டறையில் அவளுக்கு வலிப்பு வந்தது. மற்றவர்கள் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார்கள். நான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு என் கைப்பையை வைத்தேன். எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தன பேரு பாத்தாங்க?" நான் மட்டும்தான் என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து அது ஏறக்குறைய உண்மையாகிவிட்டது.

அவள் கைப்பையில் மாத்திரை இல்லாவிட்டாலும் என் கைப்பையில் இருக்கும். தியேட்டரில் மின்னல் காட்சி வந்தால் அவள் கண்ணை என் கையால் மூடுவேன். மதுரை டாக்டர் அவள் தலையில் வயர்களை ஒட்டி, முகத்துக்கு நேரே விளக்கைச் சிமிட்டவைத்துப் பரிசோதித்தபோது அவளுடைய உம்மா வராந்தாவில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அறைக்குள் நான்தான் இருந்தேன். எந்த வேகத்தில் சிமிட்டினால் அவள் மூளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கும்.

"என் தலைக்கு நீதான்டி ஃபியூஸ்" என்பாள்.

பிறகு அவளுக்கு மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை அகமது கபீர். ஷார்ஜாவில் வேலை. நிச்சயத்துக்கு முன்பே போனில் ஜுமானா தன் வலிப்பைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அவன் சொன்ன பதிலை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "அதுக்கு என்னா, எங்க ராத்தாவுக்கு ஆஸ்துமா, வாப்பாவுக்குக் கோவம். ஆளுக்கு ஒண்ணு இருக்கும்ல." பிறகு என் தோளைத் தட்டினாள். "இனிமே நீ ரெஸ்ட் எடு புள்ள. டூட்டிய அவர்ட்டக் குடுத்துட்டேன்."

கல்யாணம் முடிந்ததும் அவளும் ஷார்ஜாவுக்குப் போவதாக ஏற்பாடு.

கல்யாணத்தில் பெண்கள் மட்டும் கூடுகிற விழாவுக்கு இசை வேண்டுமா கூடாதா என்று ஜுமானா வீட்டில் ஒரு சர்ச்சை ஓடியது. பெரியவர்கள் கூடாது என்றார்கள், மச்சான்மார் வேண்டும் என்றார்கள். கடைசியில் இசை உள்ளே வரலாம், இசைப்பவன் வரக்கூடாது என்று முடிவாயிற்று. தாஹாவை மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் கொட்டகையில் உட்கார வைப்பது, ஸ்பீக்கரை உள்ளே வைப்பது. ஆனால் பாட்டுக்கு ஏற்ப விளக்கு ஆட வேண்டும் என்று மச்சான்மார் பிடிவாதம் பிடித்தார்கள். பார்க்காமல் வாசிக்கிறவனுக்கும், விரலைப் பார்க்காமல் விளக்குப் போடுகிறவளுக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று மாமா தலையைச் சொறிந்தார்.

மிடி கம்பி போடலாம் என்று சொன்னது நான்தான்.

உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். மிடி கம்பியில் பாட்டுப் போகாது. எந்தக் கட்டையை அமுக்கினான், எவ்வளவு அழுத்தமாக அமுக்கினான், எப்போது விட்டான் என்ற செய்தி மட்டும் போகும். அந்தச் செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை டெஸ்க்கில் நாம் சொல்லிவைக்கலாம். இந்தக் கட்டைக்கு நீலம், அந்தக் கட்டைக்குச் சிவப்பு. இடது கைப் பக்கத்துக் கட்டைகளை விளக்குக்கு ஒதுக்கினோம். அவன் வாசிக்க வாசிக்க உள்ளே நிறம் மாறும். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

ஜன்னல் வழியாகக் கம்பியை இழுத்தபோது மாமா கொட்டகைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே தாஹா, உள்ள எட்டிப் பாத்தியண்டா கண்ண நோண்டித் தொண்டியில இருக்குற உங்க வாப்பாவுக்குப் பார்சல் அனுப்பிருவேன்."

"ஜன்னல்ல மூணு மடிப்புத் துணி கட்டிருக்கு மாமா. கொசு போக வழியில்ல, நான் எங்கிட்டுப் பாக்க?"

"போனாலும் பொம்பளக் கொசுதான்லே உள்ள போகணும்."

கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. ஆண்கள் பேசும்போது நான் திருத்துவதில்லை.

ஜுமானாவின் உம்மா மாமாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "மின்னி மின்னி அணையுற லைட்டு மட்டும் வேணாம் தம்பி. எனக்குக் கண்ணு கூசும்." மாமா சிமிட்டுகிற விளக்குப் பெட்டியை வேனிலிருந்தே இறக்கவில்லை. அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார். சுழலும் விளக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மூடி இருக்கிறது. அதை வேகமாகத் திறந்து மூடினால் அத்தனை விளக்கும் சிமிட்டும். இது மாமாவுக்கும் தெரியும். அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசி ஒத்திகையில் எல்லாம் சரியாக இருந்தது. இடது ஓரத்துக் கடைசிக் கட்டைக்கு எல்லா விளக்கும் வெள்ளையாக எரியும்படி வைத்திருந்தேன். தாஹாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாட்டாக இருந்தாலும் முடிக்கும்போது இடது சுண்டுவிரலால் அந்தக் கடைசிக் கட்டையை ஓங்கி ஒரு குத்துக் குத்துவான். பாட்டு முடிந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியவேண்டுமே. நடுவில் ஒருபோதும் தொடமாட்டான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜுமானாவைப் பார்க்க அலங்கார அறைக்குப் போனேன். பழக்கத்தில் கைப்பையில் மாத்திரையை வைத்திருந்தேன். அங்கே அகமது கபீரின் அக்கா அம்ரீன் கையில் மாத்திரையும் தண்ணீருமாக நின்றுகொண்டிருந்தார். ஜுமானா உதட்டுச் சாயம் கலையாமல் விழுங்குவதற்காகக் கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்திருந்தாள்.

அம்ரீன் என்னைப் பார்த்தார். "நீதான் லைட்டுப் போடுற புள்ளையா?"

"ராத்தா, இவ நஃபீசா. என் கூடப் படிச்சவ" என்றாள் ஜுமானா.

கூடப் படித்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள்.

"அப்டியா. வயித்துக்கு ஏதாச்சும் சாப்டியாம்மா? கீழ பிரியாணி ஓடுது. எலும்பா விழுந்தா என் பேரச் சொல்லு, கறியா வைப்பாங்க" என்றார் அம்ரீன். நல்ல பெண்மணி. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் பிரியாணிக்குப் போகவில்லை. டெஸ்க்குக்குப் போனேன்.

இங்கே நீங்கள் என்னைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். புதிய கருவி எதையும் சோதிக்காமல் மேடையில் ஏற்றமாட்டோம். விழா நடக்கும்போது பழுதானால் யார் பொறுப்பு? இவர்கள் அவளைக் கடல் தாண்டிக் கொண்டுபோகப் போகிறார்கள். அங்கே வலிப்பு வந்தால் இவர்களுக்கு என்ன தெரியும்? மாத்திரை ஊட்டுவது யாருக்கும் முடியும். இங்கே, எங்கள் கண் முன்னால், நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு தடவை வந்துவிட்டால் யாரால் முடியும், யாரால் முடியாது என்று தெரிந்துவிடும். நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சோதித்துப் பார்க்க நினைத்தேன்.

கடைசிக் கட்டைக்கு இருந்த வெள்ளையை எடுத்தேன். மதுரை டாக்டர் ஆகாது என்று சொன்ன வேகத்தில் சிமிட்டும்படி வைத்தேன். சாதாரணமாகக் கட்டையிலிருந்து விரலை எடுத்தால் விளக்கும் பழையபடி ஆகிவிடும். அதையும் மாற்றினேன். விரலை எடுத்தாலும் நிற்காது. அதிகமான வேலை ஒன்றுமில்லை, பல்லில் சிக்கியதை எடுக்கிற நேரம்கூட ஆகவில்லை. மேடை விளக்குகள் எல்லாவற்றையும் மணப்பெண் உட்காரும் சோபாவை நோக்கித் திருப்பினேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து எழுந்திருக்கும்வரை என் கை மடியில்தான் இருந்தது. நூறு பெண்கள் சாட்சி, கேட்டுப்பாருங்கள்.

ஜுமானா வந்து உட்கார்ந்தாள். மிக அழகாக இருந்தாள். தாஹா வெளியே வாசித்தான், உள்ளே மஞ்சள் நீலமாயிற்று, நீலம் ரோஜா நிறமாயிற்று. குழந்தைகள் கைதட்டின. ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, "என் மூஞ்சிக்கும் ரெண்டு போடும்மா, நானும் ஒரு காலத்துல பொண்ணுதான்" என்றார். பாட்டு முடியப் போகிறது என்று தெரிந்தது. நான் எழுந்து, செருப்பை மாட்டி, நடைபாதையில் நாற்காலி ஏதாவது குறுக்கே கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

தாஹா கடைசிக் கட்டையைக் குத்தினான்.

அவள் உடனே விழவில்லை. முதலில் கண் ஒரு பக்கமாகத் திரும்பியது. அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மேடையை நோக்கி ஓடினேன். நான் படியில் கால் வைப்பதற்குள் அம்ரீன் அங்கே இருந்தார். ஜுமானா சோபாவிலிருந்து சரிந்து மேடை விளிம்பில் மோதினாள். அம்ரீன் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நகைகளை நெகிழ்த்தி, தலைக்குக் கீழே தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தார். கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். கூட்டத்தை ஒரு கையால் விலக்கினார். ஆய்வகத்தில் நான் செய்த அத்தனையும். ஜுமானா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"லைட்ட அணைங்கடி, யாராச்சும் அந்த எழவு லைட்ட அணைங்கடி" என்று அம்ரீன் கத்தினார்.

அணைக்கத் தெரிந்த நான் மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தேன். டெஸ்க்குக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் திரும்பினால் என் இடம் போய்விடுமே என்று தோன்றியது. யாரோ ஒரு சமையற்காரம்மா மெயின் சுவிட்சைத் தேடிப் பிடித்து இறக்கும்வரை விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன. ஜுமானா துடித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நேரம் அவளுக்கு முன்பு எப்போதும் வந்ததில்லை. காறை எலும்பு முறிந்ததும், முன்பல் உடைந்ததும் விழுந்ததால் வந்தவை. விளக்கால் அல்ல. மூன்று வருடம் நின்றிருந்தது இனி திரும்பத் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னார். அது விளக்கால்.

வெளியே மச்சான்மார் தாஹாவைப் பிடித்துக்கொண்டார்கள். "எதடா அமுக்குன?" அவன் உண்மையைச் சொன்னான். ஆகவே அந்த விரலைத்தான் ஒடித்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான்கு பேருக்கு மேல் இருந்தார்கள்.

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அகமது கபீர் அவளுக்கு ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தான். பாதி தலையணைக்குப் போயிற்று, இருவரும் சிரித்தார்கள். ஜுமானா தன் வாப்பாவிடம், "தாஹா பாவம், வயருல ஏதோ கோளாறு. கேஸெல்லாம் வேணாம், விடச் சொல்லுங்க வாப்பா. வியாழக்கிழமை நாங்க ஷார்ஜா போறோம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ சாப்டியாடி?" என்றாள்.

நாளைக் காலை அவளுடைய வாப்பா புகாரைத் திரும்பப் பெற வருகிறார். அதனால்தான் இன்றே வந்தேன்.

வயரில் கோளாறு இல்லை, மேடம். மாமா நல்ல வயர்தான் வாங்குவார். நான் தெரிந்தே, யோசித்து, வேண்டுமென்றே செய்தேன். அந்த மூன்று சொல்லையும் அப்படியே எழுதுங்கள். தவறுதலாக என்று எழுதினால் வழக்கு நிற்காதாம். தாஹாவை அனுப்பிவிடுங்கள், அவன் விரலுக்கு மாவுக்கட்டுப் போட வேண்டும்.

ஜுமானா நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், அல்லவா? வழக்கு முடியும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று அவளிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?