சுத்தியல் பட்ட தகடும் உலகநாதனின் எண்ணும்

தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் மன்றத் தலைவர் மனோகரன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உலகநாதனின் துணைவியார், அம்மையார் ஜெகதாம்பாள் அவர்களே, ஆவடிக் குடியிருப்புகளிலிருந்தும் அம்பத்தூர்ப் பட்டறைகளிலிருந்தும் ஷிப்டு முடிந்த கையோடு வந்திருக்கும் தோழர்களே!

நம் தொழிற்சாலை உலோக ஆய்வுக்கூடத்தின் தலைவர், முனைவர் உலகநாதன் மறைந்துவிட்டார். அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. "பாஸ்கரா, அளந்ததை மட்டும் சொல்லு" என்பார். அளந்த கதையையே சொல்கிறேன். சூட்டில் தாமிரத்துக்குள் நிக்கல் எவ்வளவு வேகமாக ஊடுருவும் என்பதற்கு அவர் பெயரால் வழங்கும் ஓர் எண் இருக்கிறது. அது நிலைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு. இதோ அமர்ந்திருக்கிறாரே சுலைமான் பாய், அவர் பட்டறையிலிருந்து தாமிரத் தகடுகள் வந்தன. மேலே நிக்கல் பூசினோம், உலையில் வைத்தோம், மெல்லிய அடுக்குகளாகச் சீவிச் சோதித்தோம். நிக்கல் அளவுக்கு மீறி உள்ளே போயிருந்தது. தாமிரத்தில் கலப்படம் என்று அறிக்கை போயிற்று. கையெழுத்து? உலகநாதனுடையது!

சுலைமான் பாய் ஓடிவந்தார். "சார், கலப்படம்னு எய்திட்டா நான் பட்டறைய மூடிக்கினு ஊட்டாண்ட குந்த வேண்டியதுதான். நல்ல சரக்கு சார் அது!" என்றார். உலகநாதன் மறுபடி அளக்கப் போனார்.

அதிகச் சூட்டில் அளந்தால் எல்லாம் சரியாக வந்தது. குறைந்த சூட்டில்தான் எகிறியது. கலப்படம் என்றால் இரண்டிலும் அல்லவா கெட வேண்டும்? பிறகுதான் நம் பழக்கம் அவர் கண்ணில் பட்டது. நம் தொழிற்சாலைக்குள் எது வந்தாலும் என்ன செய்வோம்? பஞ்ச் வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்து எண் குத்துவோம்! மெல்லிய தகடு. அடி மறுபக்கம்வரை இறங்கும். உள்ளே வரிசையாக நிற்கும் அணுக்கள் குலைந்துபோகும்.

அதை எங்களுக்கு எப்படி விளக்கினார் தெரியுமா? "அண்ணனூர் ஸ்டேஷன்ல பாலம் ஏறி வர்றவன் எத்தனை பேர், வேலி ஒடஞ்ச எடத்துல பூந்து வர்றவன் எத்தனை பேர்? பூந்து வந்தவனைப் பார்த்து, பாலம் ஏற இவ்ளோ நேரம்தான்னு எழுதினா எப்டிய்யா?" என்றார். அடிபட்டு அணுக்கள் குலைந்த இடம்தான் அந்த வேலி உடைசல். அதிகச் சூட்டில் அது பெரும்பாலும் ஆறிவிடும். போதாததற்கு, பாலமேறி வருபவர் கூட்டமும் பெருகிவிடும். குறைந்த சூட்டில் நிக்கலுக்கு உடைசல்தான் வழி.

அதே சரக்கில் சுத்தியல் படாத தகடுகளில் பெயின்ட்டால் எண் எழுதி அளந்தார். வேகம் பல மடங்கு இறங்கியது. உயரதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து, "தாமிரம் நல்ல தாமிரம். என் அளவுதான் தப்பு" என்று அறிக்கையைத் திரும்பப் பெற்றார். அவ்வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான். சுலைமான் பாயின் பட்டறை ஓடுகிறது. திருத்திய எண்ணும் உலகநாதன் பெயரோடு ஊர் ஊராகப் போயிற்று.

அதோடு விட்டாரா? விடவில்லை! சுத்தியல் படாத தகடும் சின்னச் சின்னப் படிகங்கள் ஒட்டியதுதானே, அந்த ஒட்டுகளிலும் நிக்கல் புகுமே, அப்படியானால் திருத்திய எண்ணும் கூடுதலோ என்று தம் மேலேயே சந்தேகப்பட்டார். ஒட்டே இல்லாத ஒற்றைப் படிகமாகத் தாமிரத்தை வளர்த்து, நிக்கல் பூசி, குறைந்த சூட்டில் மாதக்கணக்காக வைத்தார். அதை எடுத்துப் பார்ப்பதற்குள் நெஞ்சுவலி அவரை எடுத்துக்கொண்டது.

உலையை அணைத்துவிடலாம், அவர் பெயரிலுள்ள எண் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். நேற்று எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுசீலா போய் அம்மையாரிடம் கேட்டார். "தப்புன்னா தப்புன்னு போடுங்க. அவரு இருந்தா அதத்தான் பண்ணிகினு இருப்பாரு. என்னாண்ட வந்து இன்னா கேக்கறது?" என்று அதட்டி அனுப்பினாராம்.

தோழர்களே! உலை அணையவில்லை. திங்கட்கிழமை அந்தப் படிகத்தை எடுக்கிறோம், சீவுகிறோம், அளக்கிறோம். எண் நின்றால் நின்றது என்று எழுதுவோம். விழுந்தால், உலகநாதன் எண் தவறு என்று ஒளிக்காமல் எழுதுவோம். எப்படியானாலும் அந்தக் கட்டுரையில் முதல் பெயர் உலகநாதன்!