ஒன்பதாவது பேனல்

இரவு பதினொன்றே கால். டிவி டவருக்குப் போகும் சாலையில் கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டினால் அப்புறம் ஒரே இருட்டுதான். அந்தச் சாலையில் என் அத்தான் பைக்கில் போனார். அக்காவின் புருஷன். டிவி நிலையத்தில் இரவு ஷிப்ட். அக்காவுக்கு நிறைமாதம்... "ஆறு மணிக்கு டாண்ணு வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அக்காவுக்குத் துணையாக என்னை விட்டுப்போனார். நான் துணை! எலி ஓடினாலே கட்டிலில் ஏறுகிற ஆள். சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

முதலில் அந்த பேனலைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் வேலை பார்க்கும் அறையில் சுவர் நிறையத் திரைகள். மேசைமேல் ஒரு பலகை, அது நிறையப் பட்டன். எந்தத் திரைக்கு என்று கீழ் வரிசையில் அழுத்த வேண்டும், எந்தப் படம் என்று மேல் வரிசையில். கடைசியாக 'டேக்' தட்டினால்தான் படம் மாறும். ஓரத்தில் 'லாக்' என்று ஒன்று. இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு எரியும். அதற்கப்புறம் அந்தத் திரையை வேறு யாரும் மாற்ற முடியாது. எந்த பேனல் பூட்டியதோ அந்த பேனல்தான் திறக்க வேண்டும். அதனால் ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வந்து உட்காராமல் யாரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

இரண்டு நாற்பதுக்கு என் போன் அடித்தது. அத்தான்.

"அக்காவை எழுப்பாதே... நீ சும்மா லைன்ல இரு."

"என்ன அத்தான்?"

"பதினாலாம் திரையில ஏதோ ஒரு ரூம் தெரியுது. மாத்தினா மாறல. லாக்னு காட்டுது. யாரு பூட்டினதுன்னு பார்த்தேன்..." மறுபடி பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஒன்பதாம் பேனல்."

"அதனால என்ன?"

"அது இருக்கிற பின்ரூமுக்குக் கரண்ட்டை எடுத்தே மூணு வருஷம் ஆச்சுடா."

ஒன்பதாம் பேனல் ஆந்தை அண்ணனுடையது. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பதால் அந்தப் பெயர். ஒருநாள் காலையில் அவருக்கு ரிலீவர் வரவில்லை. மதியமும் வரவில்லை. மனிதர் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது... விரல் மட்டும் லாக் பட்டன்மேல்.

வராத அந்த ரிலீவர் யார் தெரியுமா? என் அத்தான்தான். அப்போது புது மாப்பிள்ளை. போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

டக்.

போனில் எனக்கே கேட்டது. "பதிமூணும் போச்சு," என்றார். டக்... "பன்னெண்டு." டக். டக். எல்லாத் திரையிலும் அதே ரூம், அதே நாற்காலி, அதில் ஒரு முதுகு.

"திரும்பவே மாட்டேங்கிறாருடா. வாட்சை மட்டும் பார்க்கிறாரு."

"வெளியே வந்துடுங்க அத்தான்!"

"வெளிக்கதவு திறக்கல. செக்யூரிட்டிக்குப் போன் போகல, உனக்குத்தான் போகுது. பின்ரூம் கதவு மட்டும்... தானா திறந்திருக்கு."

நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எப்படியோ சொன்னேன். "அங்கே போகாதீங்க."

"போகலேன்னா ஆறு மணிக்கு எப்படி வீட்டுக்கு வருவேன்? நான் ஒரு நிமிஷம் உட்கார்ந்தா அவர் எழுந்துடுவார். அவ்வளவுதானே?"

செருப்புச் சத்தம். கதவுக் கீல் முனகியது. "ஆறின டீ வாசனை வருது..." என்றார் மெதுவாக. அப்புறம் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்திருக்கிற கிறீச். கொஞ்சம் விட்டு இன்னொரு கிறீச். அது உட்காருகிற சத்தம்.

"அப்பாடா..."

அத்தான் குரல் இல்லை அது. கரகரத்த, களைத்த ஒரு குரல். காலடிகள் தூரப் போயின. வெளிக்கதவு திறந்தது... மூடிக்கொண்டது.

இரண்டு வினாடி. டக்.

"அக்காகிட்ட சொல்லிடு," என்றார் அத்தான். "ரிலீவர் வந்ததும் கிளம்பிடறேன்."

லைன் அறுந்தது.

காலையில் போய்ப் பார்த்தோம். எல்லாத் திரையும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. பின்ரூமில் வெளிப்பக்கம் தொங்கிய பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. உடைத்துத் திறந்தால் உள்ளே தூசிதான். அத்தானின் பைக் வாசலில் நின்றது. ஷிப்ட் நோட்டில் அன்றைய தேதி போட்டு 'ஒப்படைத்தேன்' என்று ஆந்தை அண்ணனின் கையெழுத்து. போலீஸ் வந்தது, கேட்டது, போனது.

இது நடந்து நாலு வருஷம். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் காலை ஆறு மணிக்கு அக்காவின் போன் அடிக்கும். "இன்னும் ரிலீவர் வரலை" என்று அத்தான் குரலில் ஒரே ஒரு வரி. அக்கா வீடும் மாற்றவில்லை, நம்பரும் மாற்றவில்லை. அந்த ஒரு வரிக்காக ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

நேற்று ராத்திரி நான் அங்கேதான் தங்கினேன். காலையில் பால் பொங்கியதென்று அக்கா அடுப்படிக்கு எழுந்து ஓடிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. போனைப் பாப்பா எடுத்துவிட்டாள். காதில் வைத்து "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு நேராக என்னிடம் ஓடி வந்தாள்.

"மாமா, அப்பா பேசினாரு."

"என்ன... என்ன சொன்னாரு?"

"உன்னைக் கேட்டாரு. ஒரு நிமிஷம் வந்து உட்காரச் சொன்னாரு."

அக்கா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆணியில் மாட்டியிருந்த என் பைக் சாவியை எடுத்து வந்து... என் முன்னால் வைத்தாள்.