பதினாலாம் நம்பர் அறையின் அழைப்பு

விளக்கை அணைக்க வேண்டாம், கொஞ்சம் குறைத்தால் போதும். நெருங்கி உட்காருங்கள்... இது என் நண்பனின் பெரியம்மாவுக்கு நடந்தது. அவனே என்னிடம் சொன்னான். சொல்லும்போது இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

மாலை நாலு மணி. ஆமாம், வெயில் காயும் நேரம்தான். ஆவிகள் எல்லாம் நம் கடிகாரம் பார்த்தா வருகின்றன?

கடலோரச் சாலை. புறவழிச் சாலை போட்ட பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கை போவதில்லை. தார் வெடித்து நடுவில் புல் முளைத்திருந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு வேன்... உள்ளே நாலு பேர்.

வேனை ஓட்டியவர் கிதார் வாத்தியார். பக்கத்தில் ஒரு பல் டாக்டர். இருவரும் முப்பது வருட நண்பர்கள், முப்பது வருடமாகச் சண்டைக்காரர்கள். சண்டை ஒரே ஒரு ஆளைப் பற்றி. அறுபதுகளில் மின்சாரக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடை கிழியப் பாடி, குடித்து, கலாட்டா செய்து, இருபத்தொன்பது வயதில் ஓட்டல் அறையில் செத்துப்போன ஒரு ராக் பாடகர். அவர்களுக்கு அவர் 'தலைவர்'.

பின்சீட்டில் பெரியம்மா. எழுபத்தொரு வயது. டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரசிகர் கூட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தவறாமல் வருவார். வாயே திறக்க மாட்டார். "தலைவர் யாரையும் நெனைக்காமப் போய்ச் சேர்ந்தாரு" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், டீ போடுகிறேன் என்று எழுந்துவிடுவார். பாவம், அவரை விட்டால் டீ போட ஆள் ஏது என்று மற்றவர்களும் விட்டுவிடுவார்கள்.

நாலாவது ஆள் புதிது. ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி. தலைவரின் ஒரே மகள். ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவர் செத்த ஓட்டலை அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள் என்றதும், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். அன்று தலைவர் இறந்து சரியாக ஐம்பது வருடம்.

இடிக்கும் வேலையை எடுத்த கான்ட்ராக்டர் பல் டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டவர். அந்தப் பழக்கத்தில் சாவி கிடைத்தது.

உள்ளே மேஜை நாற்காலி ஒன்றுமில்லை. கதவு ஜன்னல்களைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வயர்களைக்கூடச் சுவரிலிருந்து உருவியிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை... கடல் இரைச்சல். வரவேற்பு மேஜை இருந்த இடத்தில் நாலு பேரும் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிடம் மௌனம். மூன்றாவது நிமிடம் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டது.

"பாட்டை எடுத்துக்க, ஆளை விட்டுடுன்றேன்," என்றார் பல் டாக்டர். "டிரம்ஸ் அடிச்சவன் கையை ஒடைச்ச மனுஷன்யா. அதையும் சேர்த்தா கும்பிடணும்?"

"அந்த மனுஷன் அப்படி எரியலேன்னா அந்தப் பாட்டு வந்திருக்குமா?" என்றார் வாத்தியார். "அந்த வலி இருக்கே டாக்டர், அதுதான் பாட்டு."

"அந்த வலியில பாதி எங்க வீட்டுலதான் விழுந்துச்சு."

மகள்தான். கனத்த, கரகரத்த குரல். சத்தம் போடவில்லை. சும்மா சொன்னார். "எங்கம்மா ராத்திரி பகலா தையல் மிஷின் மிதிச்சாங்க. நீங்க அவரைத் திட்டினாலும் கொண்டாடினாலும் எனக்கு ஒண்ணுதான். எனக்கு ஒரே ஒரு கேள்வி. சாகறதுன்னு ஆயிடுச்சு... ஒரு போன் பண்ணக் கூடவா தோணலை?"

பெரியம்மா எழுந்தார். டீ போட அங்கே அடுப்பு ஏது? தாழ்வாரத்தில் நடந்தார்.

அந்தத் தாழ்வாரம் அவருக்கு மனப்பாடம். இருபத்தொரு வயதில் முதல் வேலை அந்த ஓட்டலில்தான். ரசிகர்கள் யாருக்கும் தெரியாது. ஐம்பது வருடமாகச் சொல்லவில்லை.

தலைவர் இறந்த அன்றும் இதே நாலு மணி. சாயங்காலக் கச்சேரிக்கு ஆள் நிதானமாக இருக்க வேண்டும் என்று தலைவரின் மேனேஜர் அவரை அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். "பதினாலாம் நம்பருக்கு ஆறு மணி வரைக்கும் வெளி லைன் குடுக்கக் கூடாது. குடுத்தே, உன் வேலை போயிடும்." தலைவர் மொத்தம் பதினோரு தடவை கூப்பிட்டார். முதலில் அதட்டினார். பிறகு கெஞ்சினார். ஆறாவது தடவை காது கூசும்படி ஒரு வார்த்தை... பெரியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாலு தடவை எடுக்கவே இல்லை. பதினோராவது தடவை எடுத்தார். குரல் தணிந்திருந்தது.

"பாப்பாவுக்கு முதப் பல்லு விழுந்துடுச்சாம்மா. லெட்டர் போட்டிருக்கா. வீட்டுக்கு ஒரு டிரங்க் கால் போட்டுக் குடேன். அஞ்சே நிமிஷம்."

"லைன் கிடைக்கலை சார்."

பொய். லைன் சும்மாதான் இருந்தது.

"பரவாயில்லம்மா," என்று வைத்துவிட்டார்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள்... அதற்குமேல் உங்களுக்கே தெரியும். அவர் திட்டிய வார்த்தையைப் பெரியம்மா எப்போதோ மறந்துவிட்டார். அந்த 'பரவாயில்லம்மா'தான் போகவே இல்லை.

டெலிபோன் அறைக்கும் இப்போது கதவில்லை. அறைகளுக்கு லைன் கொடுக்கும் அந்தப் பழைய போர்டு மட்டும் சுவரோடு கிடந்தது. கரையான் அரித்த மரச்சட்டம். நாற்பது துளை. ஒவ்வொரு துளைக்கு மேலும் நகம் அளவு தகடு. அறையிலிருந்து யாராவது கூப்பிட்டால் அந்த எண்ணின் தகடு விழும். பின்பக்கம் ஒரு வயர்கூட இல்லை.

பெரியம்மா தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றார்.

டிக்.

ஒரு தகடு விழுந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தார். குனிந்து எண்ணைப் பார்த்தார். பதினாலு. அறைக்குள் சிகரெட் வாசனை... அப்போதுதான் பற்றவைத்ததுபோல்.

பழகிய கை. யோசிக்கவில்லை. போர்டில் தொங்கிய காதுக்குழாயை எடுத்தார். "ஆப்பரேட்டர்."

மூச்சுச் சத்தம். பிறகு, ரொம்பப் பக்கத்தில்...

"லைன் கிடைச்சுதாம்மா?"

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். நானும்தான். ஆனால் பெரியம்மா குழாயைக் கீழே வைக்கவில்லை. ஐம்பது வருடமாக அந்தக் கேள்விக்குச் சொல்ல நினைத்த பதில் அவர் வாயிலிருந்து வந்தது.

"கிடைச்சிடுச்சு சார். வைக்காதீங்க. வச்சிடாதீங்க சார், இதோ..."

தாழ்வாரத்தில் ஓடினார். எழுபத்தொரு வயதில் அப்படி ஓடியதை வாத்தியார் இன்றும் சொல்கிறார். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்குத்தாம்மா. அன்னிக்கு அவரு போன் பண்ணாரு. உங்களுக்குத்தான். பதினோரு தடவை கேட்டாரு. நான்தான் குடுக்கலை. நான்தாம்மா."

"என்ன சொல்றீங்க?"

குழாய் போர்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மெல்லியதாக, "ஹலோ... ஹலோ..."

மகள் எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "அப்பா, நான்தான்பா," என்றார்.

குழாயில் கேட்டது பெரியம்மா காதிலும் விழுந்தது.

"நீங்க யாருங்க? பாப்பாவைக் கூப்பிடுங்க."

"நான்தான்பா பாப்பா."

"விளையாடாதீங்கம்மா. எனக்கு நேரமில்லை. அவளுக்கு ஆறு வயசு. உள்ளதான் எங்கயாச்சும் இருப்பா. கொஞ்சம் கூப்பிடுங்களேன்... தயவுசெஞ்சு."

மகள் குழாயை மார்போடு அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா, என்னவென்று பெரியம்மாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழாயைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா," என்றார்.

சின்னப் பிள்ளைக் குரல். மெலிசாக, கொஞ்சம் மழலையாக. பெரியவர்கள் குழந்தைபோல் பேசிக்காட்டுவார்களே, அப்படி இல்லை. நிஜக் குழந்தை.

"பாப்பா! பல்லு எந்தப் பக்கம்மா?"

"கீழ. முன்னாடி. ரத்தம் வந்துச்சு. நான் அழல."

பெரியம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். அடுத்தவர் பேசுவதை ஒட்டுக்கேட்கக் கூடாது, ஆப்பரேட்டருக்கு அது முதல் பாடம். உள்ளே குழந்தை என்னவோ சொன்னது. சிரித்தது. ஒரு பாட்டின் இரண்டு வரியைத் தப்பும் தவறுமாகப் பாடியது. தாழ்வாரத்துக் கோடியில் வாத்தியாரும் டாக்டரும் அசையாமல் நின்றார்கள். அவர்களுக்கும் அந்தக் குரல் கேட்டது.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வெளிச்சம் மங்கிய பிறகு மகள் வெளியே வந்தார். பெரியம்மா அவர் காலில் விழப் போனார். மகள் தாங்கிப் பிடித்து, தலையை மட்டும் ஆட்டினார். மன்னிக்க மாட்டேன் என்றா, அதெல்லாம் வேண்டாம் என்றா... தெரியவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திரும்பும்போது பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அப்ப நாம இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வாத்தியார் வேனை ஓரமாக நிறுத்தி அழுதார். அதோடு அந்த இருவரும் தலைவரைப் பற்றிச் சண்டை போடுவதை விட்டுவிட்டார்கள். கூட்டமும் நின்றுபோயிற்று. ஓட்டலையும் சொன்னபடி இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து, மகள் எப்படி இருக்கிறாரோ என்று பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தானே பேசத் துணிச்சல் இல்லை. என் நண்பனைப் பேசச் சொன்னார். அவன் போன் போட்டான். மகளின் பையன் எடுத்தான். நண்பன் நலம் விசாரித்தான்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க," என்றான் பையன். குரலில் சுரத்தே இல்லை. "தொண்டையில ஒண்ணுமில்லேன்னுதான் எல்லா டாக்டரும் சொல்றாங்க."

பின்னால் ஒரு குழந்தை பேசிக்கொண்டிருந்தது. நிறுத்தி நிறுத்தி. யாரோ பதில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு.

"உங்க வீட்ல குழந்தை இருக்கா?"

"இல்லீங்க... அது அம்மாதான்."

நண்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "யார்கூட... போன்ல பேசிட்டிருக்காங்க?"

பையன் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்க கையில போன் எதுவும் இல்லீங்க."