வெட்டவா, தைக்கவா

கிழக்கேகோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிறவர் போல. வலது முழங்கால் முட்டில் கட்டு. திடீரென்று மனைவியிடம் சொன்னார்:

“தைக்காண்டாம், வெட்டி எடுத்தா போதும்னு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்.”

“ஜவ்வு ஓரத்துலதான் கிழிஞ்சிருக்கு, அங்க ரத்த ஓட்டம் உண்டு, தைச்சா ஒட்டிரும்னாருல்லா?”

“ஒட்டுறதுக்கு மாசக்கணக்குல மூட்டை தூக்கப்படாதாம். வெட்டுனா சீக்கிரமே வேலைக்குப் போலாம்.”

“வெட்டுனா பின்னால முட்டு தேஞ்சிரும்னும் சொன்னாரே.”

“அது வயசான பொறவுல்லா. அப்ப நான் என்ன மூட்டையா தூக்கப்போறேன்?”

அந்த அம்மா அவர் முட்டுக் கட்டைச் சரிசெய்துவிட்டார்.

“நீங்க தூக்கமாட்டிய. ஒங்களத் தூக்கப்போறது நாந்தான். தைக்கச் சொல்லுங்க.”