அரைஞாண் கயிறும் ஞானஸ்நானமும்

சமயப் பேச்சில் ஒரு சொல்லைக் கூட்டி எழுதினாலும் பேசியவருக்குத் தீங்காகலாம். ஆகவே என் காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக் காலை, முசஃபாவிலிருந்து அபுதாபி செல்லும் பேருந்து. முன்னிருக்கையில் குமரிக் கடற்கரைக் கிறிஸ்தவர் ஒருவர். அருகில், அன்று ஞானஸ்நானம் பெறவிருந்த இந்துக் குடும்பத்து இளைஞர்.

“இடுப்புக் கயித்த அறுத்துட்டு வந்தாத்தான் தண்ணியில முக்குவேன்னு பாஸ்டர் சொல்லிட்டாருண்ணே. அம்மா கட்டிவிட்டது.”

“இந்தச் சண்டை இயேசுவோட சீஷங்க காலத்துலயே உண்டும் மக்கா. யூதரல்லாதவங்க சபைக்கு வந்தப்போ, முதல்ல யூதன் மாதிரி சுன்னத்துப் பண்ணுன்னு சிலபேரு நின்னாங்க. எருசலேம்ல கூடிப் பேசி, அது வேண்டாம்னு முடிச்சாங்க. கலாஸ்.”

“அதப் பாஸ்டர்ட்ட நீங்களே சொல்லுங்கண்ணே.”

“நானா? எனக்க அரையிலயும் ஒண்ணு கெடக்குலே. கைலி நிக்கண்டாமா?”

“அப்ப ஒங்களுக்கு மட்டும் எப்படி ஞானஸ்நானம் குடுத்தாங்க?”

“கைக்குழந்தையில தலையில தண்ணி ஊத்துனது. இடுப்ப யாரு பாத்தா?”

இளைஞர் சிரிக்கவில்லை. தேவாலய நிறுத்தத்தில் இறங்கும்போது சட்டைக்கு மேலாக இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூத்தவர் பாஸ்டரிடம் பேசினாரா, இளைஞர் தண்ணீரில் இறங்கியபோது கயிறு இருந்ததா என்பவை எனக்குத் தெரியாது.